டைகர் பார்ப் ஏன் வாலைக் கடிக்கிறது?

நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடொன்றில் கண்ணாடித் தொட்டி. உள்ளே இரண்டு டைகர் பார்ப் மீன்கள், ஒரு ஏஞ்சல் மீன். சில நாட்களிலேயே ஏஞ்சலின் நீளத் துடுப்பு நார்நாராகக் கிழிந்திருக்கும். பசியா? இல்லை, வயிறு முட்டத் தீனி போட்டாலும் கடிக்கும்!

சுமத்ரா, போர்னியோ நீரோடைகளில் கூட்டமாகத் திரியும் மீன் டைகர் பார்ப். அந்தக் கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்ற போட்டி ஓயாது. துரத்தும், முட்டும், சட்டென்று விலகும். மூக்கு சிவந்த ஆண்களுக்கு இதுதான் முழுநேர வேலை.

கோடை விடுமுறையில் வீட்டுக்குள் அடைபட்ட பையனைப் பார்த்திருப்பீர்களே? தங்கச்சியின் சடையை இழுத்துக்கொண்டே இருப்பான். மைதானத்தில் கூட்டாளிகளோடு விடுங்கள், மல்லுக்கட்டு அவர்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும். பார்பும் அப்படித்தான். ஏழெட்டு இருந்தால் துரத்தல் எல்லோருக்கும் பங்காகிவிடும், யாருக்கும் பெரிய காயமில்லை. இரண்டே இருந்தால்? பக்கத்தில் மெதுவாக அசையும் வால்தான் அகப்படும்.

அதற்காக, கூட்டம் சேர்த்தாலும் ஏஞ்சலையோ ஃபைட்டர் மீனையோ உடன்விடுவது என்னைக் கேட்டால் வீண் வம்பு.

சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால் டைகர் பார்பை ஜோடியாகக் கேட்காதீர்கள், எட்டாகக் கேளுங்கள்.