உஷார்! லினக்ஸ் போட்ட கையோடு ஊருக்குக் கிளம்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல், பெற்றோருக்கு லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக் கொடுக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அன்றைக்கே கிளம்பிவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது அப்பா கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ரொம்பவே ஜாக்கிரதை! செக்யூர் பூட் இயங்கும் கம்ப்யூட்டரில் டிரைவர் போடும்போது பல சமயம் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வரும். சில விநாடிகளுக்குள் ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் டிரைவர் வேலை செய்யாது. வைரஸ் என்று பயந்து அம்மா பவரை அணைத்துவிடக்கூடிய திரை அது. அந்த ரீஸ்டார்ட்டை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது திரை வராமல் 'நோமோட்செட்' என்ற பூட் ஆப்ஷனைப் போட்டுச் சமாளித்தீர்களா? டிரைவர் ஏறியதும் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது என்ற புகாருக்கு அது காரணமாக இருக்கலாம். பழைய விஜிஏ கேபிளும் அப்படித்தான்: மானிட்டர் தன் அளவைச் சொல்லும் கம்பி பழுதானால் 1024x768-க்கு மேல் போக மறுக்கும். கேபிளை மாற்றிப் பார்க்காமல் செட்டிங்ஸில் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மானிட்டரே எழுதிக் காட்டினால், அது உயிரோடுதான் இருக்கிறது. தன்னால் காட்ட முடியாத சிக்னல் வருகிறது, அவ்வளவுதான். யாராவது புது மானிட்டரை வாங்கச் சொன்னால், தயவுசெய்து பெற்றோரைத் தடுத்து நிறுத்துங்கள். 'நோ சிக்னல்' என்றால், கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஆபத்து, லினக்ஸின் மையமான கர்னலின் அப்டேட். நேற்றுவரை ஓடிய பழைய என்விடியா டிரைவர், புதுக் கர்னலோடு ஒத்துப்போகாமல் திரையை இருட்டாக்கிவிடலாம். பழைய கர்னலை அழிக்காமல் வையுங்கள். ஆன் செய்ததும் எஸ்கேப்பையோ ஷிஃப்ட்டையோ அழுத்தி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்வதை, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டிக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒன்றும் தெரியாத திரையில் போன் வழியாகக் கமாண்ட் சொல்லி அடிக்க வைப்பது பெரியவர்களைப் படுத்துகிற பாடு. கிளம்பும் முன், சிஸ்டத்தைப் பழைய நிலைக்கு மீட்க உதவும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஸ்லீப்பிலிருந்து திரை எழுந்திருக்கவில்லை என்றால், ஸ்லீப்பையே அணைத்துவிடுங்கள்.