பாட்டனார் வந்த வழியும் பேரன் போன வழியும்

அமெரிக்க நாட்டிலே கூடைப்பந்தாட்டத்துக்கு நாற்றங்கால் கல்லூரிகளே. ஆயிரக்கணக்கான இளைஞர் கல்லூரி அணிகளில் ஆடித் தேறுகின்றனர். அவருள் அந்நாட்டின் தலையாய தொழில்முறைச் சங்கம் ஆண்டுதோறும் தெரிந்தெடுப்போர் ஏறத்தாழ அறுபதின்மரே. எஞ்சியோரிற் பலர் கடல் கடந்து, இத்தாலி, துருக்கி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஊதியத்துக்கு ஆடுகின்றனர். அயலூர்ச் சட்டையை அணிந்து, பருவம் முடிந்ததும் பெட்டி கட்டிப் புறப்படும் வாழ்வு அது. அத்தகையதொரு வாழ்வு, கிரிக்கெட் ஆட்டத்தின் வழியாக, நம் மலைநாட்டுத் தோட்டக் குடும்பத்தில் தோன்றிய ஒருவருக்கும் வாய்த்தது. முத்தையா முரளிதரனைச் சொல்லுகிறேன். அவர் 133 டெஸ்ட் போட்டிகளில் வீழ்த்திய 800 விக்கெட்டுகளை உலகம் அறியும். அயல்நாட்டார் அவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொண்ட கதையை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பின்னாளில் அவர் தம் பெண்மக்களோடு திருச்சிராப்பள்ளிக்கு மீண்டார். ஆண்மக்கள் இங்கேயே தங்கினர். அவருள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அண்மையில் பிஸ்கற் தொழிற்சாலை நடத்தினார். 1972 ஏப்ரல் 17-இல் பிறந்த தம் மகனை ஒன்பதாம் வயதிலே கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்த்தார். பெனடிக்ட் சபைத் துறவியர் நடத்திவந்த கல்லூரி அது.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்றல் வேண்டும். எனக்கும் முரளிதரனுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் கல்லூரி மைதானத்திற் பந்து வீசிய அதே ஆண்டுகளில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரட்டுக்களத்தில் நாங்களும் பந்து வீசினோம். தேயிலைப் பெட்டிப் பலகை எங்களுக்குத் துடுப்பு. மண்ணெண்ணெய்த் தகரம் விக்கெட்டு. பந்து சரிவில் உருண்டு கொழுந்துக்குள் விழுந்தால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. மலைக்குள் இறங்கித் தேடினால் கணக்கப்பிள்ளை ஏசுவார். எங்களுள் ஒருவன் இருந்தான். அவன் கையிலிருந்து புறப்பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எவருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்போடு அவன் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய்விட்டான். அவனும் ஒரு முரளிதரன் ஆகியிருப்பான் என்று நான் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொல்வது வெறும் புலம்பல். ஆனால், அவன் கையைப் பார்த்து இது நல்ல கை என்று சொல்லவல்ல ஒருவர் அந்தச் சுற்று வட்டாரத்தில் இருக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். சிறுவன் முரளிதரன் மித வேகப் பந்தே வீசிவந்தான். பதினான்காம் வயதில், சுழற்பந்து வீசிப்பார் என்று பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ கூறினார். கல்லூரியில் அவன் ஆடிய இறுதி இரண்டு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் வீழ்ந்தன. நாட்டின் சிறந்த பாடசாலை வீரருக்குரிய பாட்டா விருதும் கிடைத்தது. அடுத்துக் கொழும்புத் தமிழ் யூனியன் கழகம். 1992 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்.

1995 டிசம்பர் 26-இல் மெல்பேணில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழுமுறை முறையற்றவை என்று அறிவித்தார். வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. தமிழாசிரியன் என்ற முறையில் இங்கு ஒரு சொல். கல்லை எறிகிறோம், வலையை வீசுகிறோம். எறிதலில் மடங்கிய முழங்கை விசையோடு நிமிர்கிறது. வீசுதலில் கை முழுவதும் ஒருங்கே சுழல்கிறது. நம் பேச்சுவழக்கு ஒருவாறு உணர்ந்துவைத்த இவ்வேறுபாட்டின்மேலே ஒரு மனிதனுடைய பிழைப்பு பல்லாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. ஆய்வுக்கூடங்களில் அவரைச் சோதித்தார்கள். அவ்வாய்வுகள் பிறருடைய கைகளையும் அளக்கத் தொடங்கியபோது, நேர்மையாக வீசுவோர் என்று மதிக்கப்பட்ட பலருடைய முழங்கைகளும் சிறிது நிமிர்வது தெரியவந்தது. 2005-இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பதினைந்து பாகை வரை இடமளித்து விதி திருத்தப்பட்டது.

1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவர் ஒரே டெஸ்ட் போட்டியில் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மறு ஆண்டே லங்காஷயர் அழைத்தது. இங்கிலாந்தின் மாவட்டக் கழகங்கள் வெளிநாட்டு வீரரை எண்ணியே எடுக்கும். ஓர் அணிக்கு ஒருவர் அல்லது இருவர். அந்த ஒருவர் தோற்றால் ஊரெல்லாம் ஏசும். முரளிதரன் உலகக் கிண்ணப் போட்டிகள் முடிந்தபின் சேர்ந்து, ஏறத்தாழ அரைப் பருவமே ஆடி, 66 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2001, 2005, 2007 ஆகிய ஆண்டுகளிலும் அதே கழகம் அவரை அழைத்துக்கொண்டது. இடையில் 2003-இல் கெண்ட். ஓய்வுக்குப்பின் 2011-இல் குளொஸ்டர்ஷயர். பிறகு மெல்பேண் ரெனிகேட்ஸ். எந்த நகரில் அவரை எறிபவர் என்றார்களோ அந்நகரின் அணியே பின்னொரு நாள் ஊதியம் கொடுத்து அழைத்தது! இதை எழுதும்போது எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாகிறது; மறைப்பானேன்?

அவர் கெண்டுக்காக ஆடிய 2003-ஆம் ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேர் அக்கரைக்கு, 3,00,000 பேர் இக்கரைக்கு என்று பங்கிடப்பட்ட நம் மக்களுள், எஞ்சி நின்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டிலேதான் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஒருவர் இலங்கையர் என்ற பெயரோடு அயல்நாட்டில் விலைபெற்ற வேளையில், லயங்களில் இருந்த முதியவர் பலர் தாம் இலங்கையர் என்று எழுதப்பட்ட தாளுக்காகக் காத்திருந்தனர்.

பின்னர் 2008-இல், இந்தியப் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில், சென்னை அணி 6 இலட்சம் அமெரிக்க டொலருக்கு அவரை எடுத்தது. பாட்டனார் பிழைப்புத் தேடி எந்தக் கடலைக் கடந்து வந்தாரோ அதே கடலைப் பேரன் எதிர்த்திசையில், பிழைப்புக்காகவே, கடந்தார். 2010-இல் சென்னை கிண்ணத்தை வென்றபோது அவ்வணியில் அவரும் இருந்தார்.

அவரைப் பற்றித் தமிழர் ஒரே கருத்தினர் அல்லர். 2020-இல் அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் முயற்சி தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. நடிக்க ஒப்பிய விஜய் சேதுபதி விலகினார். 2023-இல் வேறொரு நடிகரைக்கொண்டு படம் வெளிவந்தது. அவருடைய அரசியற் கூற்றுகளை நானும் ஏற்றதில்லை. ஆனால் அந்த வழக்கில் இரு தரப்பாரும் அவரைத் தமக்கு வேண்டியவாறு வரைந்துகொண்டனரே தவிர, பிஸ்கற் தொழிற்சாலையையும் கல்லூரிக் கட்டணத்தையும் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. இங்கே மேடைதோறும் அவரைத் தோட்டம் பெற்ற வீரர் என்று போற்றுகிறார்கள். தோட்டம் பெற்றது அவருடைய பாட்டனாரின் உழைப்பை; அவரை வளர்த்தது கல்லூரி.

பதுளை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பகுதிகளில் நான் கண்ட தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆட்டம் இன்றும் மென்பந்தோடு நிற்கிறது. கடினப்பந்துக்குக் கால்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் வேண்டும்; எல்லாவற்றினும் மேலாகச் சமதரை வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் பழைய மாணவர் ஒருவர் இரண்டு சோடி கால்காப்புகளும் ஆறு பந்துகளும் வாங்கி அனுப்பினார். பையன்கள் அவற்றை நான்கு மாதம் வைத்திருந்தார்கள். பந்துகளில் இரண்டு சரிவில் போயின. எஞ்சிய நான்கையும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு மைதானத்தைச் சமப்படுத்தித் தரும்படி கடிதம் எழுதியிருக்கிறோம். அதன் தமிழ்ப் படியை எழுதியவன் நான்.