"வராது" அல்ல, "இன்னும் வரேல்லை"

எமது வீடுகளில் பிள்ளைகளின் காதில் அடிக்கடி விழும் சொற்கள் இரண்டு. ஒன்று "கெட்டிக்காரன்", மற்றது "மொக்கு". முதலாவது நல்ல சொல், இரண்டாவது கெட்ட சொல் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இரண்டும் பிள்ளைக்கு ஒரே பாடத்தையே படிப்பிக்கின்றன என்பதைச் சென்ற பனிக்காலத்தில்தான் அறிந்துகொண்டோம்.

எங்கள் மகன் டாவோஸில் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். கணக்கில் எப்போதும் 5, 5.5 என்று எடுப்பவன். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "இவன் பிறவியிலேயே கெட்டிக்காரன்" என்று அவனுக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்லிப் பெருமைப்படுவோம். ஒருநாள் அவனுடைய புத்தகப் பையின் அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. பின்னக் கணக்குச் சோதனை. புள்ளி 3.5. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ஏன் ராசா ஒளிச்சு வைச்சனி?" என்று கேட்டோம்.

"நான் கெட்டிக்காரன் இல்லையெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றான்.

அடிக்குப் பயந்து அவன் ஒளிக்கவில்லை. நாங்கள் கொடுத்த பட்டத்தைக் காப்பாற்றவே ஒளித்தான். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும்போதும் அந்தச் சொல்லே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பெற்றோர் சந்திப்பில் இதை ஆசிரியையிடம் சொன்னோம். அவர் ஒரு பழைய ஆய்வை விளக்கினார். கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் இலகுவான புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரைக் கெட்டிக்காரர் என்று பாராட்டினார்கள். சிலரை நன்றாக முயன்றதற்காகப் பாராட்டினார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்கள், எல்லாரும் தடுமாறினார்கள். மூன்றாவதாக, திரும்பவும் இலகுவானவை. கெட்டிக்காரர் என்று கேட்ட பிள்ளைகள் முதற் தடவையை விடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். தங்கள் புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதி அறிவிக்கச் சொன்னபோது, "கெட்டிக்காரர்" கூட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் உள்ளதை விடக் கூட்டி எழுதினார்கள். எங்கள் மகனின் மடித்த தாள்தான் நினைவுக்கு வந்தது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நமது பழமொழி. "கெட்டிக்காரன்", "மொக்கு" இரண்டும் இதைத்தான் சொல்கின்றன: மூளை பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்டது, இனி மாறாது. ஆனால் "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பதும் நமது பழமொழிதானே? பிள்ளைகளுக்கு நாம் ஏன் முதலாவதை மட்டும் சொல்கிறோம்?

டாவோஸ் பிள்ளைகளுக்கு அம்மி தேவையில்லை, ஐஸ் இருக்கிறது. 1560 மீற்றர் உயரத்திலுள்ள இந்த ஊரில் நடக்கப் பழகியதும் சறுக்கப் பழகுகிறார்கள். முதலில் நாங்கள் பிள்ளை விழுந்தவுடன் ஓடிப்போய்த் தூக்குவோம். பக்கத்தில் நிற்கும் சுவிஸ் தாய் அசையமாட்டார். "நோமால்" என்பார். இன்னொருக்கா என்று அர்த்தம். பிள்ளை எழும்பும். விழுவது பழகுவதன் ஒரு பகுதி என்று ஐஸில் ஒத்துக்கொள்ளும் நாம், கணக்குக் கொப்பியில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

காரணம் எங்களிடமே இருக்கிறது. எங்கள் இருவருடைய படிப்பும் போரோடும் இடம்பெயர்வோடும் நின்றுபோனது. நாங்கள் இழந்ததைப் பிள்ளை மீட்டுத்தர வேண்டும் என்று மனம் அவசரப்படுகிறது. அந்தப் பாரத்தைப் பதினொரு வயதுத் தோளில் ஏற்றிவிட்டோம்.

இப்போது வீட்டில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். புள்ளியைக் கேட்பதற்கு முன், "எது கஷ்டமாய் இருந்தது? என்ன செய்து பார்த்தாய்?" என்று கேட்கிறோம். பிழைத்த கணக்கைச் சேர்ந்திருந்து திரும்பச் செய்கிறோம். விளங்காவிட்டால் ஆசிரியையிடம் கேட்கும்படி அனுப்புகிறோம். "கஷ்டப்பட்டுப் படி" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. ஒரு வழி சரிவராவிட்டால் வேறு வழி தேடவும், உதவி கேட்கவும் பழக்க வேண்டும் என்று டுவெக் அவர்களே பின்னர் வலியுறுத்தியிருக்கிறார்.

ஆகப் பெரிய மாற்றம் ஒரு சொல்லில்தான். "எனக்குக் கணக்கு வராது" என்று மகன் சொன்னால், "இன்னும் வரேல்லை" என்று திருத்துவோம். ஒருநாள் அவன் எங்களைத் திருத்தினான். நகரசபையிலிருந்து வந்த கடிதத்தை அவனிடம் நீட்டி, "எங்களுக்கு டொச் வராது, நீ வாசி" என்றோம். "இன்னும் வரேல்லை, அம்மா" என்றான். வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து கடிதத்தை முதலில் நாங்கள் அகராதியோடு வாசிக்கிறோம், பிறகுதான் அவனிடம் கேட்கிறோம். தடுமாறிப் படிக்கும் பெற்றோரைப் பார்ப்பதும் பிள்ளைக்கு ஒரு பாடம்.

இது அதிசய மருந்து அல்ல. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய 12,000 பேருக்கு, முயற்சியால் மூளை வளரும் என்பதை ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் படிப்பித்தார்கள். புள்ளி குறைந்த பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் சிறிதளவே. எனவே எல்லாப் பிள்ளையும் டொக்டராகும் என்று நாம் கனவு காண வேண்டாம்.

ஆறாம் வகுப்பு முடிவில் றியால், செக் என்று பிரிக்கும்போது நமது வீடுகளில் செத்த வீடு போல அழுகிறோம். இந்நாட்டில் அதோடு கதவு மூடுவதில்லை. றியாலிலிருந்து செக்குக்கு மாறலாம். தொழிற்பயிற்சி முடித்துத் தொழில்சார் மத்தூறா எடுத்து உயர்கல்விக்கும் போகலாம். சுவிஸ் இளைஞரில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியேதான் போகிறார்கள். விழுந்த இடத்திலிருந்து எழும்பத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வழிகள் கண்ணில் படும்.

அடுத்த கணக்குச் சோதனையில் மகனுக்குக் கிடைத்தது 4. பெரிய புள்ளி இல்லை. ஆனால் பாடசாலையால் வந்ததும் தானே தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். "இதில ரெண்டு கணக்கு இன்னும் வரேல்லை" என்றான். கையெழுத்திட்டோம்.

பெற்றோரே, ஒளிக்காமல் காட்டக்கூடிய வீட்டை நமது பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மிச்சத்தை அவர்கள் பழகிக்கொள்வார்கள்.