விமான இருக்கையின் பொருளியல்

பயணிகள் விமான நிறுவனம் விற்பது இருக்கையை. விமானத்தின் கதவு மூடியபின் காலியாக உள்ள இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. சங்கரன்கோவில் பூச்சந்தையில் அன்று விற்காத பூவின் நிலைதான் அதற்கும். ஆனால் குத்தகை, எரிபொருள், விமானிகளின் சம்பளம் போன்ற செலவுகள் பயணிகள் குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஒரே பயணத்துக்குக் காலையில் ஒரு விலையும் மாலையில் வேறு விலையும் இருப்பதன் காரணம் இதுவே.

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவிலில் இருந்து சென்னைக்குப் பறக்க விரும்புவோர் தூத்துக்குடி (வாகைக்குளம்) அல்லது மதுரை விமான நிலையத்துக்குச் செல்கின்றனர். தூத்துக்குடி ஓடுபாதை நீண்டகாலம் 1,350 மீட்டர் நீளமே இருந்தது. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களுக்கு இது போதாது. ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்களே வந்துபோயின.

சிறிய விமானத்தில் செலவைப் பங்கிட ஆட்கள் குறைவு. ஏடிஆரிலும் இரண்டு விமானிகள், ஏ320இலும் இரண்டு விமானிகள். ஆனால் இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள். அதன் ஏ320இல் 180 அல்லது அதற்குச் சற்று மேல்.

அந்த 78 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டுச் சேவையில் 80க்குக் குறைவான இருக்கைகள் கொண்ட விமானங்களுக்கு இறங்கு கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. எரிபொருளிலும் சலுகை இருந்தது. விமான எரிபொருள் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வரவில்லை. மாநிலங்களும் அதற்கு வரி விதிக்கின்றன. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் 29 விழுக்காடு. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களுக்கோ 4 விழுக்காடாக வரம்பு கட்டப்பட்டது.

இந்தச் சலுகைகளை நன்கு பயன்படுத்தியது, மதுரைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த எம். தியாகராஜனின் பாரமவுண்ட் ஏர்வேஸ். 2005இல் தொடங்கிய இந்நிறுவனம் 70 இருக்கை அளவிலான எம்ப்ரேயர் ஜெட் விமானங்களைத் தென்னக நகரங்களுக்கிடையே, வணிக வகுப்புச் சேவையாக இயக்கியது. கணக்கு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் விமானங்கள் சொந்தமல்ல. குத்தகை நிறுவனத்துடன் எழுந்த தகராறில் விமானங்கள் கைவிட்டுப்போக, 2010இல் சேவை நின்றது. கிங்பிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் கோ பர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. குத்தகையும் உதிரிபாகங்களும் பெரும்பாலும் டாலரில், பயணச்சீட்டு வருமானமோ ரூபாயில். ரூபாய் சரிந்தால், நிரம்பிப் பறக்கும் விமானமும் நட்டம் காட்டக்கூடும்.

2025 சூலை 26 அன்று தூத்துக்குடியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுள்ளது. இனி பெரிய விமானங்கள் இறங்கலாம். கட்டணம் உடனே குறையும் என எதிர்பார்ப்பது அவசரம். ஏ320க்கு இறங்கு கட்டண விலக்கு இல்லை. 180 இருக்கையில் 90 மட்டும் நிரம்பினால், அதைவிட நிரம்பிய ஏடிஆரே நிறுவனத்துக்கு மேல். ஒரு தடத்தில் ஒரே நிறுவனம் இயங்கினால், குறைந்த செலவின் பலன் பயணிக்கு வராமல் நிறுவனத்திடமே தங்கிவிடலாம். இரண்டாவது நிறுவனம் அதே நேரத்தில் பறக்கும்போதுதான் விலை அசையும்.

சங்கரன்கோவில் பயணிக்கு வேறொரு கணக்கும் உண்டு. விமான நிலையம் வரை வாடகைக் கார், அங்கே காத்திருப்பு, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் செல்லும் செலவு எல்லாம் பயணச்சீட்டோடு சேரும். மாலையில் ஏறினால் காலையில் சென்னை எழும்பூரில் இறக்கிவிடும் பொதிகை விரைவு வண்டி உள்ளூரிலேயே நின்றுசெல்கிறது. அவசரமில்லாத பயணியைப் பொறுத்தவரை, விமான நிறுவனம் போட்டியிட வேண்டியது அந்தப் படுக்கை வசதிச் சீட்டின் விலையோடுதான்.