கல்லடைப்பு

வயிற்றின் பின்புறத்தில், முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் அவரை விதை வடிவில் அமைந்த உறுப்புகள் சிறுநீரகங்கள். அவை குருதியிலுள்ள கழிவுகளை வடித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடலில் நீர் குறையும்போது, சிறுநீரில் கரைந்துள்ள கால்சியம் முதலிய உப்புகள் படிகங்களாகிக் கல்லாக இறுகக்கூடும். இது பெரியவர்க்கே வரும் நோய் என்பர் பலர். சிறுவர்க்கும் வருகிறது.

பெங்களூரின் குளிர்ந்த காற்றில் தாகம் எளிதில் தோன்றுவதில்லை. கழிப்பறைக்குச் செல்லத் தயங்கி நீர் அருந்தாமலே இருக்கும் மாணவரும் உளர். நீர் அருந்துவதற்கென மணி அடிக்கும் வழக்கம் கேரளப் பள்ளிகளைத் தொடர்ந்து 2019இல் கர்நாடகப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கழிப்பறை தூய்மையாக இல்லையெனில், மணி அடித்தும் தண்ணீர்க் குப்பி நிறைந்தபடியே வீடு திரும்பும்.

தமிழில் இந்நோயைக் கல்லடைப்பு என்பர். கல், அடைப்பு என்னும் இரு சொற்களுள் பெரிதும் அஞ்சத்தக்கது பின்னதே. சிறுநீரகத்தில் தங்கிய கல் பல மாதங்கள் வலியின்றியும் இருக்கலாம். அது நகர்ந்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறுநீர்க்குழாயில் சிக்கினால், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். விலாவில் தொடங்கும் வலி அடிவயிறு வரை பரவும். சிறு குழந்தைகளோ இடத்தைச் சுட்ட அறியாமல், “வயிறு வலிக்கிறது” என்று மட்டும் கூறுவர். வாந்தி வரலாம், சிறுநீர் செந்நிறமாகலாம்.

தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகினால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் உண்டாகும். அப்பொழுது மருந்து மட்டும் போதாது. மருத்துவர் குழாய் செலுத்தித் தேங்கிய நீரை முதலில் வடிப்பர். கல்லைப் பின்னரே நீக்குவர். காலம் தாழ்த்தினால் கிருமி குருதியில் பரவி உயிருக்கே இடர் நேரும். ஆகவே வலியுடன் காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் கழியாமல் நின்றாலும், வாந்தி ஓயாவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வாழைத்தண்டுச் சாறு அவ்வேளைக்கு உரிய மருந்தன்று.

108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி கட்டணமின்றி வரும். அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவையே முதலில் நாட வேண்டும். பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரக நோய்களுக்கெனத் தனி நிலையம் உள்ளது. குழந்தைகளுக்கென நகரின் வேறோர் இடத்தில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம் உள்ளது.

கன்னடம் அறியாத பெற்றோர்க்கு அங்கே பிள்ளைகளே வாயாக நிற்க நேர்வதுண்டு. வலி எப்பொழுது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்பொழுது என்னும் மூன்றையும் தெளிவாகக் கூறினால் மருத்துவர்க்குப் பேருதவியாகும். கன்னடத்திலும் வலி ‘நோவு’தான், கல் ‘கல்லு’தான். காய்ச்சலை மட்டும் ‘ஜ்வர’ என்பர்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுப்பர். அதில் கதிர்வீச்சு இல்லை. சிறிய கல்லாயின் பெரும்பாலும் தானே வெளியேறும். அதனை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொடுத்தல் வேண்டும். சிறுவர்க்குக் கல் மீண்டும் உண்டாகக்கூடும் என்பதால், அது எவ்வகை உப்பால் ஆனது என ஆய்ந்தே மேற்கொண்டு மருந்தும் உணவும் வகுப்பர்.