விட்டுப்போகாத நான்கு பேர்

எனக்குப் பத்து வயது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, கோயிலில் வேதபாடம் வாசிக்க என்னை நிறுத்தினார்கள். மத்தேயு முதல் அதிகாரம், இயேசுவின் வம்சவரலாறு. ஆபிரகாம், ஈசாக்கு என்று ஓடிய நாக்கு சலாத்தியேலிலும் சொரொபாபேலிலும் சிக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

“வெறும் பேரா இருக்கு ஆச்சி, இத எதுக்குப் படிக்கணும்?”

ஆச்சி முறத்தில் அரிசி புடைத்தபடியே சொன்னாள்: “அதுல எத்தன பொம்பள பேரு வருதுன்னு எண்ணிப் பாரு ளா.”

வம்சவரலாறு யூதருக்கு வெறும் குடும்பப் பெருமை அல்ல. நிலப் பங்கும் ஆசாரிய ஊழியமும் அதைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் சில ஆசாரியக் குடும்பங்கள் அட்டவணையில் தங்கள் பெயரைக் காணாததால் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றாவின் புத்தகம் சொல்கிறது. பெயர் இல்லையென்றால் இடமும் இல்லை.

மத்தேயு தன் பட்டியலை ஆபிரகாமில் தொடங்கி, பதினாலு பதினாலு தலைமுறையாக மூன்று பகுதியாக வகுக்கிறார். எபிரெய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; தாவீது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 4, 6, 4 என்று 14 வரும். அதனால்தான் இந்தக் கணக்கு என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களையே அவர் விட்டுவிட்டார். லூக்காவின் பட்டியலோ ஆதாம் வரை போகிறது. தாவீதுக்குப் பிறகு பெரும்பாலும் வேறு பெயர்கள். பதிவேடு போல இதைப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்று பார்க்க வேண்டும்.

ராஜாக்களை விட்டவர், மரியாளுக்கு முன் நான்கு பெண்களை விடவில்லை. சாராளும் ரெபெக்காளும் ராகேலும் அந்த நால்வரில் இல்லை. முதலில் தாமார்: நியாயம் மறுக்கப்பட்ட விதவை மருமகள், முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்து மாமனார் யூதாவாலேயே கருவுற்றவள். தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று யூதாவே ஒப்புக்கொண்டான். அடுத்து எரிகோவின் வேசி ராகாப். வேவுகாரர் இருவரை ஒளித்துவைத்து, ஜன்னலில் சிவப்பு நூலைக் கட்டியவள். மூன்றாவது ரூத், மோவாபியப் பெண். மோவாபியர் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் தடுத்திருக்க, பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கிய அவள் தாவீதின் கொள்ளுப்பாட்டி ஆனாள்.

நான்காமவளிடம் வரும்போது எனக்கு இன்றும் குரல் தழுதழுக்கும். பத்சேபாள் என்று மத்தேயு எழுதவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். தாவீது போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்த ஏத்தியன் உரியா. ராஜவம்சத்தின் பெருமையைச் சொல்லும் இடத்திலேயே, அந்த ராஜாவால் சாக நேர்ந்தவனின் பெயரையும் கூடவே நிறுத்திவிட்டார். நாமாக இருந்தால் இதை மறைத்திருப்போம். கல்யாணப் பத்திரிகையில் போடத் தயங்குகிற உறவுகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

கடைசியில் யோசேப்பு வருகிறார். அதுவரை பெற்றான், பெற்றான் என்று வந்த வினை அங்கே நின்றுவிடுகிறது. இயேசு மரியாளிடத்தில் பிறந்தார் என்று வாக்கியமே மாறுகிறது. இத்தனை தகப்பன்மாரைச் சொன்ன பட்டியல் ஒரு தாயிடம் வந்து முடிகிறது.

எங்கள் வீட்டு வேதாகமத்தின் முன்தாளில் தாத்தா தன் அப்பா, அண்ணன் தம்பி, மகன்மார் பெயர்களைப் பிறந்த தேதியோடு எழுதியிருந்தார். ஆச்சியின் பெயர் அதில் இல்லை. அவள் இறந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் நான் அதை எழுதினேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாளோ, பழைய நோட்டோ இருக்கும். எடுத்துப் பாருங்கள். அம்மாவைப் பெற்றவளின் பெயர் தெரிந்த யாராவது இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.