முதலில் காது, பிறகு வாய், கடைசியில்தான் கை!

"டாக்டர், இவனுக்கு ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் மாதிரி ஏதாவது குடுங்க. ரெண்டாம் கிளாஸ் போறான். சொந்தமா ஒரு வரி எழுத வரலை. நாலு பேர் முன்னால நிக்க வச்சா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

பள்ளிக்கூடம் திறந்து முதல் டெஸ்ட் பேப்பர் வீட்டுக்கு வந்த கையோடு இப்படி வருகிற அம்மாக்கள் அதிகம். துணைக்கு வருகிற பாட்டி, "சின்னதுல நாக்குல வசம்பு தேய்க்கச் சொன்னேன், இவ எங்க கேட்டா?" என்று மருமகள் மேல் ஒரு குறையையும் ஏற்றி வைப்பார். நடுவில் அந்தப் பையன் என் மேஜை மேலிருக்கும் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு இருப்பான்.

வல்லாரை நல்ல கீரைதான். வாரத்தில் ரெண்டு நாள் துவையல் அரைத்துக் கொடுங்கள். ஆனால் வல்லாரை வந்து உங்கள் பிள்ளைக்குப் பதிலாகப் பேசாது, எழுதாது. வசம்பு விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று செல்லப் பெயர் வாங்கிய மூலிகைதான் அது. ஆனாலும் எங்கள் முறைப்படி சுத்தி செய்து, வைத்தியர் சொன்ன அளவில்தான் தர வேண்டும். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளை முன்னிட்டு, அமெரிக்காவில் 1968-லேயே உணவுப் பொருள்களில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். பேச்சு வரும் என்று நம்பி வீட்டிலேயே இழைத்து இழைத்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் மருந்து என்கிறீர்களா? கதை. சீட்டில் 'தினம் ஒரு வேளை கதை, இரவு சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தால் சிலருக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது. ஃபீஸ் கொடுத்தவர்கள், சுருங்காமல் என்ன செய்யும்?

எங்கள் மருத்துவத்தில் மனிதனை 96 தத்துவங்களாகப் பிரித்துச் சொல்வோம். அதில் ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து. கேட்கிற செவி ஞானேந்திரியத்தில் வரும். பேசுகிற வாயும் எழுதுகிற கையும் கன்மேந்திரியம். ஒன்று சேதி உள்ளே வருகிற வாசல். மற்றது செயல் வெளியே போகிற வாசல். உள்ளே வராத ஒன்று வெளியே எப்படிப் போகும்? குழந்தையும் இந்த வரிசையில்தான் வளர்கிறது. ஏறக்குறைய முதல் ஒரு வருஷம் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் பிறகுதான் 'அம்மா', 'தாத்தா' எல்லாம். எழுத்து வர இன்னும் பல வருஷம் இருக்கிறது. நாமோ எல்.கே.ஜி.யிலேயே பென்சிலைக் கொடுத்து நாலு கோடு போட்ட நோட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். காதையும் வாயையும் தாண்டிக் குதித்து நேரே கைக்குப் போய்விடுகிறோம். பிள்ளை 247 எழுத்தையும் சார்ட்டைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பிக்கும். 'நேற்று என்ன செய்தாய்?' என்று கேட்டு ரெண்டு வரி எழுதச் சொன்னால் மட்டும் திருதிருவென்று முழிக்கும்.

கையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையை எக்ஸ்ரே எடுத்தால் அவை தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டாவது எலும்பு படத்தில் தெரிய வருவதற்குள் குழந்தைக்கு 9 முதல் 12 வயது ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளை அரைப் பக்கம் எழுதிவிட்டு "கை வலிக்குதும்மா" என்றால் அது சாக்கு இல்லை. அந்த விரல்களுக்கு சப்பாத்தி மாவு உருட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது, பல்லாங்குழி, வாசலில் கோலப்பொடி இழுப்பது இதெல்லாம் நல்ல பயிற்சி. இடது கையால் எழுதினால் எழுதட்டும். மாற்றுகிறேன் என்று அடிக்காதீர்கள்.

காதுதான் முதல் சோதனை

கதை சொல்ல ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

ஒரு சிறுமியைக் கூட்டிவந்தார்கள். ஒண்ணாம் வகுப்பு. டிக்டேஷனில் பாதிக்கு மேல் தப்பு. 'பட்டம்' என்றால் 'பத்தம்' என்று எழுதுகிறாள். டீச்சர் 'கவனமில்லை' என்று டைரியில் எழுதி அனுப்ப, வீட்டில் தினமும் அடி. நான் பேசும்போது அந்தக் குழந்தை என் உதட்டையே பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேர் கேட்டேன். பதில் இல்லை. மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பியதில், ரெண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அத்தனை நாளும் வாங்கிய அடி எதற்காக என்றே அதற்குத் தெரியாது.

சளி பிடித்துவிட்டுப் போகும் பல குழந்தைகளுக்கு இப்படி ஆகும். தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாய் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். அதனால் சளி சமயத்தில் அடைத்துக்கொண்டு நடுக்காதில் நீர் தங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். வலி இருக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்பது போலத்தான் அந்தக் குழந்தைக்குக் கேட்கும். டி.வி.யைச் சத்தமாக வைக்கச் சொல்வது, அடிக்கடி "ஆங்? என்னது?" என்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது - இதில் எது இருந்தாலும் ஒருமுறை காது பரிசோதனை செய்துவிடுங்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற வேலை மட்டும் கூடவே கூடாது. சித்த வைத்தியனே சொல்கிறேன், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து.

ஒரே கதை, ஒரு வாரம்

காது நன்றாக இருக்கிறது. இனி கதைக்கு வருவோம். புதுக்கதை தேடி அலைய வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதையே போதும்.

முதல் நாள் புத்தகம் இல்லாமல், குழந்தையின் முகத்தைப் பார்த்து, நம் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். எண்ணெய் 'சொய்ங்'கென்று கொதிக்கட்டும், காக்கா 'கா கா' என்று கத்தட்டும். கேள்வி எதுவும் வேண்டாம். முக்கியமாக, 'இந்தக் கதையிலிருந்து நீ என்ன தெரிஞ்சுக்கிட்டே?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்தாலே பிள்ளைக்கு அது பரீட்சையாகிவிடும்.

மறுநாளும் அதே கதைதான். "நேத்து சொன்னதேதானேம்மா" என்று எந்தக் குழந்தையும் சலித்துக்கொள்ளாது, நாம்தான் சலித்துக்கொள்வோம். இந்தத் தடவை நடுநடுவே நிறுத்துங்கள். "நரி மேல பார்த்துச்சு... பார்த்துட்டு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுகிற வரை வாயைத் திறக்காதீர்கள். பிள்ளைக்கு வார்த்தை கோக்க நேரம் வேண்டும். செல்போனிலும் அழகழகான கதைகள் வருகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போன் நிறுத்திவிட்டுக் காத்திருக்காது. அது பாட்டுக்கு அடுத்த கதைக்குப் போய்விடும்.

மூன்றாவது நாள் கதை சொல்வது குழந்தை. கேட்பது நீங்கள். வடையை நரி தின்னக் கூடாது, காக்கா காலில் வைத்துக்கொண்டு பாடட்டும் என்று கதையை மாற்றினால் மாற்றட்டும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்னால் கதையை நிறுத்தித் திருத்தாதீர்கள். "ஆமா, பழம்தான்" என்று சரியான உச்சரிப்பில் திருப்பிச் சொன்னால் போதும். ழகரம், றகரம் எல்லாம் சில குழந்தைகளுக்கு ஏழு வயது வரைகூட நேரம் எடுத்துக்கொள்ளும். திக்கினால் அந்த வார்த்தையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் பொறுமையாகக் கேளுங்கள். திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை அதை நினைத்துப் பேசவே பயந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும்.

அடுத்த நாள் அதே கதையைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டுங்கள். இந்த நாளைத் தவறவிடக் கூடாது. ஏன் தெரியுமா? வீட்டில் நாம் 'காக்கா வடையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு' என்கிறோம். புத்தகமோ 'காகம் வடையை எடுத்துச் சென்றது' என்கிறது. நமக்கு ரெண்டும் ஒன்று. ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை. பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் ஒன்று. இரண்டாவதை அது வீட்டிலும் கேட்டதில்லை, தெருவிலும் கேட்டதில்லை. கேட்காத பாஷையில் எழுது என்றால் எங்கே போகும்? சொந்தமாக ஒரு வரி எழுத வராத பிள்ளைகள் பலருக்கு இதுதான் சிக்கல். மூளையிலும் கோளாறில்லை, ஞாபகத்திலும் குறைவில்லை. கதை தெரிந்திருப்பதால் 'எடுத்துச் சென்றது' என்ற வார்த்தைக்கு நீங்கள் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. காதே சேர்த்துக்கொள்ளும்.

அதற்கப்புறம்தான் பென்சில். முதலில் குழந்தை படம் வரையட்டும். படத்தின் கீழே அது சொல்வதை, சொல்கிற வார்த்தையிலேயே நீங்கள் எழுதுங்கள். 'பாட்டிக்கு ரொம்பக் கோவம்' என்று சொன்னால் அதையே எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் உட்காருவதைப் பார்க்கும்போது குழந்தையின் கண் விரியும், கவனித்துப் பாருங்கள். பிறகு அதை விரல் வைத்து வாசிக்கச் சொல்லி, அடியில் அதுவாக ஒரே ஒரு வரி எழுதினால் அன்றைக்குப் போதும். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையைத் தூக்காதீர்கள்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா (1885 - 1939) என்று ஒருவர் இருந்தார். வக்கீலாக இருந்து, குழந்தைகளுக்காக அதை விட்டுவிட்டு 1920-ல் பால மந்திர் தொடங்கியவர். 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்திருக்கிற அவருடைய புத்தகத்தில், அடங்காத வகுப்பு ஒன்றை ஒரு வாத்தியார் கதை சொல்லியே வசப்படுத்துவார். ஒரு தடவை படியுங்கள், அப்பாக்களும்தான். நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை கதை கேட்கிற வயதில், மாதா மாதம் ஃபீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளை ஸ்பெல்லிங் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறது!

"இங்கிலீஷ் மீடியம் டாக்டர், கதையை இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?" என்றும் கேட்கிறார்கள். உங்களுக்கு எந்த மொழியில் தட்டுத் தடங்கல் இல்லாமல் சிரிக்கவும் கோபப்படவும் வருமோ, அதில் சொல்லுங்கள். முன்னது பின்னது கோத்துச் சொல்லும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் கூடவே போகும். அம்மா தப்பும் தவறுமாக, பயந்து பயந்து சொல்கிற இங்கிலீஷ் கதையில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

கடைசியாக ஒன்று. இப்படி மூன்று, நான்கு மாதம் செய்து பாருங்கள். குழந்தை வாயால் கதையை அழகாகச் சொல்கிறது, கேள்விக்குப் பதிலும் பளிச்சென்று வருகிறது, ஆனால் ரெண்டாம் வகுப்பு முடியப் போகும் நேரத்திலும் எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் வரவே இல்லை என்றால், கண் பரிசோதனையோடு கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தை நல மருத்துவரிடம் சொன்னால் அதற்கான நிபுணரிடம் அனுப்புவார். அதே போல, காது நன்றாகக் கேட்டும், சின்னக் கதையைக்கூடப் பின்தொடர முடியாமல், ரெண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல முடியாமல் இருந்தால் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். போகும்போது குழந்தை படம் வரைந்து வரி எழுதிய அந்தத் தாள்களைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் எடுத்துப் போங்கள். பார்க்கிற மருத்துவருக்கு மார்க் ஷீட்டைவிட அது உபயோகமாக இருக்கும்.